மசோவியக் கோமகன் கொன்ராட்: அழைத்தவன்மேல் விழுந்த பழி

1326ஆம் ஆண்டில் துஸ்பூர்க்கின் பீட்டர் என்ற பாதிரியார் முடித்த புரூசிய வரலாற்று நூலில் ஒரு விருந்து வருகிறது. மசோவியாவின் கோமகன் கொன்ராட் தன் நாட்டுப் பிரபுக்களை மனைவிமாரோடு விருந்துக்கு அழைக்கிறான். எல்லோரும் உண்டு குடித்துக் களித்திருக்கும் வேளையில் அவர்களுடைய குதிரைகளையும் உடைகளையும் ரகசியமாக எடுத்துப் புரூசியர்களுக்கு அனுப்பிவைக்கிறான். வடக்கு எல்லையைக் கடந்து வந்து சூறையாடும் அந்தப் பழங்குடியினரின் வாயை அடைக்க அவனிடம் வேறு எதுவும் மிஞ்சவில்லையாம்.

கதை சுவையானதுதான். ஆனால் அதை எழுதியவர் டியூட்டானிக் சபையைச் சேர்ந்தவர். எழுதியதோ சம்பவம் நடந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து. அந்த ஜெர்மானியத் துறவி வீரர்களைப் போலந்தின் எல்லைக்கு அழைத்தவன் இதே கொன்ராட்தான். அழைத்தவனை எவ்வளவு கையாலாகாதவனாகக் காட்டுகிறோமோ, அவ்வளவுக்கு வந்தவர்களின் உரிமை நியாயமாகத் தோன்றும். பீட்டரின் எழுத்தில் இந்த நோக்கம் வெளிப்படையாகவே தெரிகிறது.

போலந்துத் தரப்பு வேறு விதமாகக் கணக்கு எழுதியது. நாட்டுக்குள் பகைவனைக் கொண்டுவந்து குடியேற்றியவன், அடுத்த முந்நூறு ஆண்டுத் துயரத்துக்கு வித்திட்டவன் என்பது அங்கே கொன்ராடுக்குக் கிடைத்த பெயர். ஒரு தரப்புக்குக் கையாலாகாதவன். மற்றத் தரப்புக்கு முட்டாள். இந்த இரண்டு சித்திரங்களில் எது சான்றுகளுக்கு முன் நிற்கும்? டியூட்டானிக் அரசு உருவானதில் கொன்ராடின் பங்கு உண்மையில் எவ்வளவு? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுவே.

1. துண்டான நாடு

1138இல் இறந்த மூன்றாம் போலெஸ்வாவ் தன் நாட்டை மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். மூத்தவன் கிராக்கோவில் அமர்ந்து மற்றவர்களுக்குத் தலைமை தாங்குவான் என்பது ஏற்பாடு. அது சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. அடுத்த இருநூறு ஆண்டுப் போலந்து அரசியலின் சாரம், கிராக்கோவை யார் பிடிப்பது என்ற போட்டிதான்.

போலெஸ்வாவின் கடைசி மகன் காசிமிர், 'நீதிமான்' என்ற அடைமொழி பெற்றவன், 1194இல் இறந்தபோது அவனுடைய இரு மகன்களும் சிறுவர்கள். மூத்தவன் 'வெள்ளை' லெஷெக். இளையவன், 1187 வாக்கில் பிறந்த கொன்ராட். 1205இல் சவிஹோஸ்த் போரில் கலிசியாவின் ரோமானை வீழ்த்தியபோது சகோதரர்கள் ஒரே அணியில் நின்றார்கள். பாகப்பிரிவினையில் லெஷெக்குக்குக் கிராக்கோவும் தெற்கும் கிடைத்தன. கொன்ராடுக்குக் கிடைத்தவை மசோவியாவும் குயாவியாவும்: விஸ்துலா ஆற்றின் நடுப்பகுதியில் காடும் சதுப்பும் மணலும் நிறைந்த நிலம். தலைநகர் புவோத்ஸ்க். வடக்கே கிறிஸ்தவம் நுழையாத பால்டிக் பழங்குடியினரான புரூசியர்கள்.

அவன் மனைவி அகாஃபியா ருஸ் இளவரசி. 1211இல் ஹாலிச் நகரப் பிரபுக்கள் தூக்கிலிட்ட ஸ்வியாதோஸ்லாவின் மகள். இந்தத் திருமணத்தில் பிறந்த குழந்தைகள் பத்துக்குக் குறையாது. மகன்களில் மூவர் வரலாற்றில் இடம்பெற்றார்கள்: போலெஸ்வாவ், காசிமிர், செமோவித்.

எல்லைக் காவலில் கொன்ராடுக்கு வலக்கையாக இருந்தவன் தளபதி கிறிஸ்தின். 1217இல் கொன்ராட் அவனைக் குருடாக்கிக் கொன்றான். கிறிஸ்தின் இருந்தவரை புரூசியர் அடங்கியிருந்தார்கள், அவன் போனபின் கட்டவிழ்ந்தார்கள் என்று பிந்திய குறிப்பேடுகள் சொல்கின்றன. ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிடும் இத்தகைய விளக்கத்தை அப்படியே ஏற்க முடியாது. இந்த ஆண்டுகளில்தான் கிறிஸ்தியன் என்ற சிஸ்டெர்சியத் துறவி புரூசியாவின் முதல் ஆயராகி, மதமாற்றப் பணியை விரிவாக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பணி புரூசியரிடையே கிளப்பிய எதிர்ப்பையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

2. முதல் முயற்சி டியூட்டானிக் சபை அல்ல

வெளியாரை அழைப்பதுதான் கொன்ராடின் முதல் யோசனை என்ற எண்ணம் பிழையானது. 1222, 1223ஆம் ஆண்டுகளில் போலந்துக் கோமகன்கள் சேர்ந்தே புரூசியருக்கு எதிராகச் சிலுவைப் படையெடுப்புகள் நடத்தினார்கள். லெஷெக்கும் சிலேசியாவின் 'தாடிக்கார' ஹென்ரிக்கும் கொன்ராடுடன் வந்தார்கள். படைகள் திரும்பியதும் நிலைமை பழையபடி ஆனது. எல்லையில் நிரந்தரமாகத் தங்கும் படை ஒன்று தேவைப்பட்டது.

அதற்கான உள்ளூர் ஏற்பாடு, தோப்ஜின் சபை. லிவோனியாவின் வாள் சகோதரர்களைப் பார்த்து அமைக்கப்பட்ட இச்சிறு துறவி வீரர் சபைக்கு 1228 ஜூலையில் விஸ்துலாக் கரையிலிருந்த தோப்ஜின் கோட்டையை கொன்ராட் கொடுத்தான். அதில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ பதினைந்து வீரர்களே. அந்த எண்ணிக்கையை வைத்துப் புரூசிய எல்லை முழுவதையும் காக்க இயலாது என்பது சொல்லாமலே விளங்கும்.

டியூட்டானிக் சபையின் பலம் வேறு. சிலுவைப்போர்க் காலத்தில் ஆக்ரே நகரில் மருத்துவமனையாகத் தொடங்கிய இந்தச் சபைக்கு அப்போது பெருந்தலைவராக இருந்தவர் ஹெர்மன் ஃபொன் ஸால்ஸா. பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் நம்பிக்கையையும் போப்பின் நம்பிக்கையையும் ஒரே சமயத்தில் பெற்றிருந்த அபூர்வ மனிதர். இப்படிப்பட்டவர்களை அழைப்பதில் என்ன ஆபத்து என்பதற்கு முன்னுதாரணமும் இருந்தது. ஹங்கேரி மன்னன் இரண்டாம் ஆந்த்ராஷ் 1211இல் இவர்களைத் திரான்சில்வேனியாவின் பர்சா நிலத்தில் குடியேற்றினான். அவர்கள் அந்த நிலத்தைப் போப்பின் நேரடி ஆளுகைக்குள் கொண்டுபோக முயன்றதும் 1225இல் படையனுப்பி வெளியேற்றினான்.

இந்தச் செய்தி கொன்ராடின் காதுக்கு எட்டியிருக்காது என்று சொல்ல முடியுமா? லெஷெக்கின் மகள் சலோமியா அதே ஆந்த்ராஷின் மகன் கால்மானை மணந்தவள். அண்ணன் மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நடந்தது தம்பிக்குத் தெரியாமல் போயிருக்கும் என்பது நம்பத் தக்கதல்ல. ஆபத்து தெரிந்தே அழைத்தான். தன்னால் அதைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்றும் கருதினான் என்பதே பொருத்தமான ஊகம். அழைப்பு அவன் ஒருவனுடைய தனி முடிவும் அல்ல. புவோத்ஸ்க் ஆயர் குந்தரும், ஏற்கெனவே இந்தச் சபைக்குத் தன் நாட்டில் நிலம் கொடுத்திருந்த தாடிக்கார ஹென்ரிக்கும் இதன் பின்னால் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

3. சாசனங்கள் சொல்வதும் சொல்லாததும்

வழக்கின் மையம் நான்கு ஆவணங்கள்.

முதலாவது, ரிமினி நகரில் பேரரசர் வழங்கிய பொன்முத்திரை ஆணை. கொன்ராடின் வடக்கு எல்லையிலிருந்த ஹெல்ம்னோ நிலத்தையும் இனி வெல்லப்போகும் புரூசிய நிலத்தையும் பேரரசின் இளவரசர்களுக்குரிய அதிகாரங்களோடு சபை ஆளலாம் என்கிறது இது. அதில் உள்ள தேதி 1226 மார்ச். அப்படியானால் கொன்ராட் சாசனம் எழுதித் தருவதற்கு ஈராண்டு முன்பே சபை தனியரசுக்குத் திட்டமிட்டுவிட்டது என்றாகிறது. போலந்து வரலாற்றாய்வாளர் தொமாஷ் யாஷின்ஸ்கி 1990களில், இந்த ஆவணத்தின் அமைப்பை ஆராய்ந்து, இது உண்மையில் 1235இல் எழுதப்பட்டு முன்தேதியிடப்பட்டது என்று வாதிட்டார். அவர் வாதத்தை ஏற்றால் கதையின் வரிசையே மாறுகிறது. சபை முதலில் வந்தது, கால் ஊன்றியது, பிறகுதான் உரிமைக்கு ஆவணம் தேடியது.

இரண்டாவது, 1228 ஏப்ரல் 23 அன்று கொன்ராட் அளித்த கொடைச் சாசனம். ஹெல்ம்னோ நிலமும் குயாவியாவின் ஓர்வோவோ கிராமமும் சபைக்குத் தரப்படுகின்றன. இறையாண்மையைக் கைமாற்றும் தெளிவான வாசகம் இதில் இல்லை. அக்காலக் கோமகன்கள் மடாலயங்களுக்கு வழங்கிய நிலக்கொடைகளின் வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது இது.

மூன்றாவது, 1230இல் குருஷ்விச்சாவில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் சாசனம். ஹெல்ம்னோவையும் எதிர்காலப் புரூசிய வெற்றிகளையும் எல்லா உரிமைகளோடும் நிரந்தரமாகச் சபைக்கு விட்டுக்கொடுப்பது இதுதான். சிக்கல் என்னவென்றால், இதன் மூலப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாக்ஸ் பெர்ல்பாக் இதைச் சபையே தயாரித்த போலி என்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகுஸ்ட் செராஃபிம் அதை மறுத்தார். இருவருமே ஜெர்மானிய ஆய்வாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். போலி என்பது போலந்தின் வாதம், உண்மை என்பது ஜெர்மானிய வாதம் என்று பிற்காலத்தில் இறுகிப்போன பிரிவினை தொடக்கத்தில் இல்லை.

நான்காவது, 1234 ஆகஸ்ட் 3 அன்று ரியெத்தியில் போப் ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட ஆணை. ஹெல்ம்னோவும் வென்ற புரூசிய நிலங்களும் புனித பேதுருவின் உடைமை என்றும் சபை அவற்றைப் போப்பிடமிருந்து பெற்று ஆள்கிறது என்றும் அது அறிவிக்கிறது. இதன் நம்பகத்தன்மை குறித்து ஐயமில்லை. பர்சா நிலத்தில் முயன்று தோற்றதை ஹெர்மன் ஃபொன் ஸால்ஸா இங்கே நிறைவேற்றிக்கொண்டார். அந்த நேரத்தில் தடுத்திருக்கக்கூடிய ஆயர் கிறிஸ்தியன் 1233 முதல் புரூசியரிடம் கைதியாக இருந்தார். தம்மை மீட்க சபை விரல்கூட அசைக்கவில்லை என்று விடுதலைக்குப் பின் அவர் போப்பிடம் முறையிட்டார்.

நான்கையும் சேர்த்துப் படித்தால், டியூட்டானிக் அரசின் சட்ட அடித்தளம் கொன்ராடின் பேனாவிலிருந்து பிறக்கவில்லை என்பது தெரிகிறது. அவன் நிலத்தைக் கொடுத்தான். அந்த நிலத்தை அரசாக்கியவர்கள் பேரரசரும் போப்பும்.

4. கண் முழுவதும் கிராக்கோவில்

இத்தோடு கொன்ராடை விடுவித்துவிடலாமா? அவனுடைய அதே ஆண்டுகளின் நடமாட்டத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

1227 நவம்பரில் கொன்சாவாவில் கோமகன்களின் கூட்டத்தின்போது லெஷெக் கொல்லப்பட்டான். கிராக்கோவின் அரியணை காலியானது. லெஷெக்கின் மகன் போலெஸ்வாவ் கைக்குழந்தை. அன்றிலிருந்து கொன்ராடின் ஒரே இலக்கு கிராக்கோதான். 1228ஆம் ஆண்டுச் சாசனம் எழுதப்பட்ட இடமே இதற்குச் சாட்சி. அது தெற்கே கிராக்கோ நிலத்திலுள்ள பியெச் என்று பெரும்பாலும் அடையாளம் காணப்படுகிறது. வடக்கு எல்லையின் தலையெழுத்தை மாற்றிய ஆவணத்தில், தென்கோடியில் அரியணை பேரம் நடத்திக்கொண்டிருந்தபோது கையெழுத்திட்டிருக்கிறான்.

1229இல் ஸ்பித்கோவித்செயில் தாடிக்கார ஹென்ரிக்கைப் பிடித்துப் புவோத்ஸ்கில் சிறைவைத்தான். ஹென்ரிக்கின் மனைவி ஜத்விகா, பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்டவர், தானே நேரில் வந்து பேசிக் கணவனை மீட்டார். 1231இல் ஹெர்மன் பால்க் தலைமையில் சபை வீரர்கள் விஸ்துலாவைக் கடந்து தோருனில் கோட்டை கட்டியபோது கொன்ராட் ஹென்ரிக்குடனான பூசலில் மூழ்கியிருந்தான். இடையில் தன் கைக்கு வந்திருந்த கிராக்கோவை 1232இல் ஹென்ரிக்கிடம் இழந்தான். 1233இல் லெஷெக்கின் விதவை கிஜிமிஸ்வாவாவையும் சிறுவன் போலெஸ்வாவையும் சிறைப்பிடித்தான், அவர்கள் தப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று ஹெல்ம்னோவுக்கும் தோருனுக்கும் சபை நகர உரிமைச் சாசனம் வழங்கியது. நகரங்களுக்குச் சட்டம் தருகிறவன் எவனோ அவனே ஆள்கிறவன். அந்த வேலையைச் செய்தது கோமகன் அல்ல, சபை.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1235இல் தோப்ஜின் சபையின் பெரும்பகுதி டியூட்டானிக் சபையோடு இணைந்தபோது கொன்ராட் சும்மா இருக்கவில்லை. எதிர்த்து வழக்காடினான். போப்பின் தூதர் மோதெனாவின் வில்லியம் நடுவராக இருக்க, அந்த அக்டோபரில் தோப்ஜின் நிலம் அவனிடமே திரும்பியது. கவனம் செலுத்திய இடத்தில் அவனால் சபையைப் பின்வாங்கவைக்க முடிந்தது என்பதை இது காட்டுகிறது. ஹெல்ம்னோவில் அந்தக் கவனம் இருக்கவில்லை.

கடைசி வரை கிராக்கோ அவனை விடவில்லை. 1241இல் மங்கோலியர் வந்து போன சாம்பலின்மேல் நடந்து நகரைப் பிடித்தான். 1243 மே மாதம் சுஹோதோவிப் போரில் இழந்தான். 1246இல் மீண்டும் படையெடுத்தும் நகரம் கிட்டவில்லை. 1247 ஆகஸ்ட் 31 அன்று இறந்தான். உடல் புவோத்ஸ்க் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

5. யான் சாப்லாவின் மரணம்

கொன்ராடின் ஆட்சிமுறையை அருகிலிருந்து காட்டும் சம்பவம் 1239இல் நடந்தது. யான் சாப்லா புவோத்ஸ்க் பேராலயப் பள்ளியின் தலைவர். கோமகனின் மகன்களுக்கு ஆசிரியராக இருந்தவர். மகன் காசிமிர் அந்த ஆண்டு சிலேசியாவின் ஹென்ரிக் குடும்பத்தில், அதாவது கிராக்கோவுக்கான போட்டியில் தந்தைக்கு எதிரான வீட்டில், பெண் எடுத்தான். மகனின் மனம் மாறியதற்கு ஆசிரியரே காரணம் என்று கொன்ராட் சந்தேகித்தான். சாப்லாவைச் சித்திரவதை செய்து தூக்கிலிட்டார்கள். கணவனைத் தூண்டியவள் அகாஃபியா என்ற குற்றச்சாட்டும் பதிவாகியிருக்கிறது.

திருச்சபை கொன்ராடைச் சபைவிலக்கம் செய்தது. கினியெஸ்னோ பேராயர் பெல்காவிடம் பரிகாரம் தேடி அவன் கொடுத்த விலை பெரியது: தன் நாட்டில் திருச்சபை நிலங்களுக்கும் அங்கு வாழ்ந்த மக்களுக்கும் விரிவான விலக்குரிமைகள். கோபத்தில் ஒரு காரியம், பிறகு அதன் விளைவிலிருந்து மீள உரிமைகளை எழுதிக்கொடுப்பது என்ற இந்தப் போக்கு, வடக்கு எல்லைக் கதையையும் புரிந்துகொள்ள உதவுகிறது.

6. பேரன் செய்த அதே காரியம்

கொன்ராட் இறந்தபின் மகன்கள் நாட்டைப் பிரித்துக்கொண்டு தங்களுக்குள் மோதினார்கள். காசிமிர் குயாவியாவைப் பெற்றான். மசோவியா கடைசியில் செமோவித்தின் கைக்கு வந்தது. 1262இல் இன்றைய வார்சாவுக்குள் அடங்கிய யாஸ்துவ் கோட்டையில் லிதுவேனியரும் ருஸ் படையினரும் அவனைக் கொன்றார்கள்.

காசிமிரின் மகன் 'முழங்கை உயர' விளாதிஸ்வாவ், கொன்ராடின் பேரன், 1320 ஜனவரி 20 அன்று கிராக்கோவில் போலந்தின் மன்னனாக முடிசூடினான். துண்டான நாட்டை ஒட்டவைத்தவன் என்று இன்றும் போற்றப்படுகிறான். அவனுடைய அண்ணன் 'கறுப்பு' லெஷெக் அதற்கு முன்பே 1279 முதல் 1288 வரை கிராக்கோவை ஆண்டவன். தாத்தா ஆயுள் முழுதும் துரத்திய நகரம் பேரன்மாரிடம் வந்து சேர்ந்தது.

தாத்தாமேல் விழுந்த பழி மட்டும் பேரனைத் தொடவில்லை. 1308இல் பிராண்டன்பூர்க் படைகள் கிதான்ஸ்கை முற்றுகையிட்டபோது, விளாதிஸ்வாவின் ஆட்கள் அவன் சம்மதத்தோடு உதவிக்கு அழைத்தது டியூட்டானிக் சபையைத்தான். வந்தவர்கள் முற்றுகையை விலக்கினார்கள். பிறகு நவம்பரில் நகரைத் தாக்கி மக்களைக் கொன்று தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு பெருந்தலைவரின் இருக்கை வெனிஸிலிருந்து புரூசியாவிலுள்ள மால்போர்க்குக்கு மாறியது. கொன்ராட் அழைத்தபோது அந்தச் சபைக்கு அங்கே ஒரு கோட்டைகூட இல்லை. பேரன் அழைத்தபோது புரூசியா முழுவதும் அவர்களிடம் இருந்தது. எந்த அழைப்பு அதிக விவேகமற்றது என்பதை வாசகர் எடைபோடலாம்.

மற்ற வாரிசுகளும் விலகி நிற்கவில்லை. காசிமிரின் பேரன் இனோவ்ரோத்ஸ்வாவின் லெஷெக் மிஹாவ் நிலத்தைச் சபையிடம் 1304இல் அடகுவைத்து 1317இல் விற்றான். மசோவியாவின் நான்காம் செமோவித் 1382இல் விஸ்னாவை அடகுவைத்தான். விளாதிஸ்வாவின் மகன் மகா காசிமிர் 1343இல் கலிஷ் உடன்படிக்கையில் ஹெல்ம்னோவையும் கிதான்ஸ்க் அடங்கிய பொமரேனியாவையும் சபைக்கு நிரந்தரத் தர்மமாக விட்டுக்கொடுத்து, குயாவியாவையும் தோப்ஜினையும் மீட்டான். கொன்ராட் எழுதியதாகச் சொல்லப்படும் வார்த்தையைக் கொள்ளுப்பேரன் உறுதியாகவே எழுதிக்கொடுத்தான்.

ஹெல்ம்னோ எப்போது புகாராக மாறியது என்பதும் கவனிக்கத்தக்கது. 1320இல் போப்பின் நீதிபதிகள் முன் விளாதிஸ்வாவ் தொடுத்த வழக்கு பொமரேனியா பற்றியது மட்டுமே. 1339இல் வார்சாவில் நடந்த விசாரணையில்தான் ஹெல்ம்னோவும் பறிக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. கொன்ராடின் கொடை ஒரு தேசிய அவலமாகத் தோன்றத் தொடங்கியது, கிதான்ஸ்க் போன பிறகு, பின்னோக்கிப் பார்த்தபோதுதான்.

19ஆம் நூற்றாண்டு இந்தப் பார்வையைக் கெட்டிப்படுத்தியது. அன்று போலந்தின் மேற்குப் பகுதியை ஆண்டது புரூசியா என்ற பெயருடைய அரசு. பிஸ்மார்க்கின் அதிகாரிகளை வெள்ளை அங்கி அணிந்த பழைய சபை வீரர்களின் வாரிசுகளாகப் போலந்து வாசகர்கள் பார்த்தார்கள். 1900இல் வெளியான, போலந்து எழுத்தாளர் சியென்கியெவிச்சின் நாவல் அந்த உணர்வை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அந்த வரிசையின் தொடக்கத்தில் நிறுத்த ஒருவன் தேவைப்பட்டான், கொன்ராட் கிடைத்தான்.

7. தீர்ப்பு

சான்றுகளின் எடையைப் பார்த்தால் மூன்று முடிவுகளுக்கு வரலாம். அழைத்தது குற்றம் என்ற வாதம் நிற்காது; அதே காலத்தில் ஹங்கேரி மன்னனும், பிறகு கொன்ராடின் புகழ்பெற்ற பேரனும் அதையே செய்தார்கள். நாட்டை எழுதிக்கொடுத்தான் என்ற வாதமும் உறுதியற்றது; அதற்கான ஒரே சாசனத்தின் மூலமே இல்லை. ஆனால் 1228 முதல் 1234 வரை தன் எல்லையில் ஒரு புதிய அரசு முளைப்பதைப் பார்க்காமல் கிராக்கோவின் பின்னால் ஓடினான் என்ற குற்றச்சாட்டிலிருந்து அவன் தப்ப முடியாது. ஆந்த்ராஷ் படையனுப்பினான், கொன்ராட் அனுப்பவில்லை. இரு அழைப்புகளின் விளைவும் வேறுபட்டதற்குப் பெரும் காரணம் இதுவே.

அவனுடைய கொடிவழி விட்ட கிளைகள் இந்த வழக்கின் இரு தரப்பிலும் இருக்கின்றன. செமோவித்தின் மரபில் வந்த சிம்பார்கா 1412இல் ஆஸ்திரியாவின் 'இரும்பு' எர்ன்ஸ்டை மணந்து பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக்கைப் பெற்றாள். பிந்திய ஹாப்ஸ்பர்க் பேரரசர்கள் அவள் வழியினர். மகா காசிமிரின் மகள் எலிசபெத் வழியாக அதே இரத்தம் லக்ஸம்பர்க் குடும்பத்துக்கும், அங்கிருந்து யாகியெல்லோன் குடும்பத்துக்கும் சென்றது.

1525 ஏப்ரல் 10 அன்று கிராக்கோ சந்தைச் சதுக்கத்தில், புரூசியாவை ஆண்ட கடைசிப் பெருந்தலைவர் ஆல்பிரெக்ட், துறவைத் துறந்து கோமகனாகிப் போலந்து மன்னன் முதலாம் சிகிஸ்மண்டின் முன் மண்டியிட்டான். சிகிஸ்மண்ட் அவனுக்குத் தாய்மாமன். இருவரும் அந்த எலிசபெத் வழியாகக் கொன்ராடின் வழித்தோன்றல்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் மசோவியாவின் கடைசிக் கோமகன் மூன்றாம் யானுஷ் வாரிசின்றி இறந்தான். கொன்ராடின் ஆண்வழி அவனோடு முடிந்தது. மசோவியா போலந்து முடியோடு இணைக்கப்பட்டது.